யாரும் தண்ணீரில் இறங்கவில்லை

கேப்டன் வேலை மாற்றலாகிப் போனபோது சாரணர் படையின் சாவிக்கொத்தை விட்டுவிட்டுத்தான் போனார். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பதை மட்டும் தலையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. பல வருஷமாக அந்தப் படைக்கு எல்லாமே அவர்தான். கூடாரத்தில் கிழிசல் விழுந்தால் தைப்பது அவர். பிள்ளைகளுக்குக் காயம் பட்டால் கட்டுப் போடுவது அவர். பஸ் பேசுவது, சீருடைக்கு அளவெடுப்பது, முகாமில் கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பது எல்லாம் அவர். பெற்றோர்கள் பிள்ளைகளைக் கொண்டு வந்து விடுவார்கள், பிறகு வந்து கூட்டிப் போவார்கள். நடுவில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை. ‘கேப்டன் பாத்துக்குவார்’ என்று சொல்லிச் சொல்லியே எல்லாரும் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அவர் போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை, தகரக் கூரை போட்ட அந்தக் கூடத்தின் வாசலில் பிள்ளைகள் சீருடையோடு வரிசையில் நின்றார்கள். கதவு திறந்தபாடில்லை. மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு சாவியாகப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். பெற்றோர் குழுவுக்கு அவர் தலைவர். அதாவது ஆண்டு விழாவில் முன் வரிசையில் உட்கார்ந்து கைதட்டும் பொறுப்பு. அதை அவர் இதுவரை குறையில்லாமல் செய்திருந்தார். இந்தப் பூட்டு விவகாரம் அவருக்குப் புதிது.

ஒருவழியாகக் கதவு திறந்தபோது, சாரணர் இயக்கத்தின் மாவட்ட ஆணையரான அம்மாள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். உயரமானவர், அளந்து பேசுபவர். பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு, கூட்டிப் போக வந்த பெற்றோர்களை உள்ளே உட்காரவைத்தார்.

“சுத்தி வளைக்காம சொல்லிடறேன். ஒரு படை நடக்கணும்னா பயிற்சி முடிச்ச பெரியவங்க நாலு பேராவது வேணும். உங்ககிட்ட ஒருத்தர்தான் இருந்தார், அவரும் போயிட்டார். மாவட்ட முகாமுக்குள்ள ஆள் சேரலேன்னா, உங்க பிள்ளைங்களைப் பெரிய படையோட சேத்துடுவோம்.”

பெரிய படை என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர்களுக்கு நீலக் கழுத்துத்துணி, சொந்த பஸ், பேண்டு வாத்தியம் எல்லாம் உண்டு. மாவட்ட நடைப்போட்டிக் கோப்பை அங்கே போனால் திரும்பி வந்ததே கிடையாது.

“அது நல்ல படைதானே?” என்றார் ஒரு தகப்பனார், நம்பிக்கையோடு.

“நல்ல படைதான். உங்க பிள்ளைங்களுக்கு அங்க ஓரத்துல இடம் கிடைக்கும். சரி, யாரு தலைவராகறீங்க?”

கூடத்தில் அத்தனை தலையும் குனிந்துவிட்டது. தரையில் அப்படி என்னதான் எழுதியிருந்ததோ! ஒருவர் போனை எடுத்து, அடிக்காத மணிக்கு “ஹலோ” என்றார்.

கடைசி வரிசையில், கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் அக்கா உட்கார்ந்திருந்தாள். பாதி ஊர் அவளிடம்தான் வண்டி ஓட்டக் கற்றது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் பாதத்தை வைத்தபடி, குரல் உயர்த்தாமல் சொல்லிக்கொடுப்பாள். அதனால் எல்லாருக்கும் அவள் பிரேக் அக்கா. பதின்மூன்று வயது மகள் இந்தப் படையில் ஓர் அணிக்குத் தலைவி. அவளைக் கூட்டிப் போகத்தான் வந்திருந்தாள். அடுத்த வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

“ஒண்ணு கேக்கலாமா?” என்றாள். “தலைவர்னா அங்க என்னதான் வேலை?”

ஆணையர் அவளை ஒரு கணம் பார்த்தார். “முக்கால்வாசி நேரம் சும்மா இருக்கணும். பிள்ளைங்க தப்புத்தப்பாச் செய்வாங்க, கை பரபரக்கும். அப்பவும் சும்மா இருக்கணும். ஆபத்துன்னு வந்தா மட்டும் ஒரு நொடிகூட யோசிக்கக் கூடாது.”

அக்கா சிரித்துவிட்டாள். “இதைத்தானே நான் தினமும் சம்பளத்துக்குச் செய்யறேன்!”

சொல்லி முடித்த பிறகுதான், எல்லாத் தலைகளும் நிமிர்ந்து தன்னையே பார்ப்பதைக் கவனித்தாள். அத்தனை முகத்திலும் அப்படியொரு நிம்மதி. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோம் என்று புரிந்தது.

வீட்டில் மகள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். “நீயா? அம்மா, ப்ளீஸ். வேற யாராவது வரட்டும்.”

“வேற யாரும் வரலையே.”

“நீ என் பையைக்கூட என்னை அடுக்க விடமாட்டே. அங்க வந்து எங்களை என்ன செய்ய விடுவே?”

அச்சகத்தில் வேலை பார்க்கும் கணவர் இந்தச் சந்தர்ப்பத்துக்காகவே காத்திருந்தவர்போல ஆரம்பித்தார். “அவ சொல்றதுல நியாயம் இருக்கு. முன்பின் தெரியாதவன் வண்டியைக் கொண்டுபோய்ச் சுவத்துல விடப் பாத்தாக்கூட, ‘மெதுவா, மெதுவா’ன்னு தாலாட்டுப் பாடறே. பெத்த பொண்ணு பால் காய்ச்சினா மட்டும் அடுப்புப் பக்கத்துல காவல் நிக்கறே.”

அவளுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் அது உண்மை.

மற்ற மூவரைப் பிடிக்க அவள் ஒரு வழி வைத்திருந்தாள். ‘உதவி செய்கிறீர்களா’ என்று பொதுவாகக் கேட்டால் ஒருவரும் அகப்பட மாட்டார்கள். ஆளைப் பார்த்து, வேலையைச் சொல்லிக் கேட்டாள். மருந்துக்கடைக்காரரிடம் போய், “பிள்ளைங்களுக்கு முதலுதவி நீங்கதான். சாவிக்கொத்து வேண்டாம், அதை நான் வாங்கிக்கறேன்” என்றாள். சாவியிலிருந்து தப்பினோம் என்ற சந்தோஷத்தில் அவர் உடனே சரி என்றுவிட்டார். தையற்காரம்மா ஒருத்தியிடம் கூடாரங்களைக் கொடுத்தாள். தொழிற்சாலைக் கேன்டீனில் சமைக்கும் ஒருவர் இருந்தார். அவருடைய மகன் படையில் இருந்தான். அவரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“மாஸ்டர், முகாம்ல சமையல் பொறுப்பு உங்களுது.”

“அதுக்கென்ன அக்கா, நூறு பேருக்குன்னாலும் தனியாளா ஆக்கிப் போட்டுடுவேன்!”

“அதுதான் கூடாது. நீங்க ஆக்கக் கூடாது. பிள்ளைங்க ஆக்கணும், நீங்க பாக்கணும்.”

மாஸ்டரின் முகம் பால் கேட்ட குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தாற்போல ஆகிவிட்டது.

நால்வரும் பயிற்சி வகுப்புக்குப் போனார்கள். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது; வெளியே கூட்டிப் போனால் பெரியவர்கள் குறைந்தது இருவர். வழியைத் தீர்மானிப்பது, அணிக்குள் வேலையைப் பிரிப்பது, சண்டையைத் தீர்ப்பது எல்லாம் பிள்ளைகள் பாடு. உயிருக்கு ஆபத்து என்கிற இடத்தில் மட்டும் பெரியவரின் சொல்லே முடிவு. அதைப் பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது. இவ்வளவுதான் பாடம். கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

முதல் பயிற்சி முகாமில் பிள்ளைகள் சூப் வைத்தார்கள். வெங்காயம் கரியாவதை மாஸ்டர் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு மரத்தைக் கட்டிக்கொண்டார். கடைசியில் பொறுக்க முடியாமல் கரண்டியைப் பிடுங்கப் பாய்ந்தபோது, பிரேக் அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

“அக்கா, அது கொலை அக்கா! வெங்காயத்தைக் கொல்றாங்க!”

“வெங்காயத்தை விடுங்க. யார் கையாவது சுட்டுதா?”

“இல்ல.”

“அப்ப நாம சாப்பிடறோம்.”

சாப்பிட்டார்கள். அன்று இரவு மருந்துக்கடைக்காரரின் பெட்டியில் வயிற்றுக்கான மாத்திரைதான் முதலில் தீர்ந்தது. ஆனால் அடுத்த முகாமில் வெங்காயம் பொன்னிறமாக வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே அடுப்பைத் தணிக்கத் தெரிந்துகொண்ட பிள்ளையை மாஸ்டர் தூக்கிச் சுற்றினார்.

அக்காவுக்கு மகளிடம்தான் கஷ்டம். அவள் ஷூ நாடா அவிழ்ந்திருந்தால் வாய் வரைக்கும் சொல் வந்துவிடும். விழுங்குவாள். மகளும் அங்கே அவளை மற்றப் பிள்ளைகளைப்போல “அக்கா” என்றுதான் கூப்பிட்டாள். அம்மா என்று ஒருமுறைகூட வாய் தவறியது கிடையாது.

மாவட்ட முகாம் வந்தது. முகாமின் முக்கிய நாள் நடைப்போட்டி. ஒவ்வொரு படையிலிருந்தும் ஓர் அணியைக் காட்டின் ஒவ்வொரு மூலையில் கொண்டு போய் விடுவார்கள். வரைபடமும் திசைகாட்டியும் மட்டும் கையில். மாலை கொடியிறக்குவதற்குள் முகாமுக்கு வந்து சேர வேண்டும். பெரியவர்கள் பின்னால் வரலாம், வழி சொல்லக் கூடாது.

அக்காவின் மகள் தன் அணியோடு முன்னால் நடந்தாள். எட்டுப் பிள்ளைகள். அதில் மாஸ்டரின் மகனும் ஒருவன். மூச்சு விடாமல் பேசுகிற ஒரு சிறுமிக்கு ரேடியோ என்று பட்டப்பெயர். பின்னால், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், அக்காவும் மாஸ்டரும் மருந்துக்கடைக்காரரும் வந்தார்கள். தையற்காரம்மா கூடாரங்களைப் பார்த்துக்கொண்டு முகாமிலேயே இருந்துவிட்டாள். மலைப் பக்கம் காலையிலிருந்தே மேகம் கறுத்துக் கிடந்தது. இவர்கள் இருந்த இடத்தில் தூறல் மட்டும்தான்.

வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் பிள்ளைகள் வரைபடத்தைப் பார்த்தார்கள், பேசினார்கள், தப்பான பக்கம் திரும்பினார்கள்.

“அக்கா,” என்று மாஸ்டர் கிசுகிசுத்தார்.

“தெரியும்.”

“இருமிக் காட்டவா?”

“இருமினாலும் சொன்ன மாதிரிதான். நடங்க.”

பாதை ஒரு பழைய கல்குவாரியில் போய் முட்டி நின்றது. பிள்ளைகளுக்குள் சண்டை மூண்டது. நீதான் சொன்னே, நானா சொன்னேன், இவதான் சொன்னா. அக்காவின் மகள் கொஞ்ச நேரம் எல்லாரையும் கத்தவிட்டாள். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து, வரைபடத்தைத் தரையில் விரித்து, திசைகாட்டியை அதன்மேல் வைத்தாள். “நான்தான் தலைகீழாப் பிடிச்சிருக்கேன். என் தப்பு. வாங்க, திரும்பலாம்.” சண்டை அப்படியே அடங்கிவிட்டது. அக்காவைத் தாண்டிப் போகும்போது நின்றாள்.

“உங்களுக்கு முன்னமே தெரியும், இல்ல?”

“தெரியும்.”

மகள் முறைத்தாள். ஆனால் அதற்கப்புறம் அவள் நடையில் ஒரு நிதானம் வந்திருந்ததை அக்கா பின்னாலிருந்து பார்த்தாள்.

நிறைய நேரம் போய்விட்டிருந்தது. ஓட்டமும் நடையுமாக ஓடைக்கரைக்கு வந்தபோது, எதிர்ச் சரிவில் முகாமின் கொடி தெரிந்தது. ஓடையைக் கடந்தால் கைக்கெட்டும் தூரம். சாதாரணமாகக் கணுக்கால் நனையும் ஓடைதான். இப்போது அதில் கலங்கல் நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. மலையில் பெய்த மழை இறங்கியிருந்தது.

“முழங்கால் அளவுதான் இருக்கும். கயிறு பிடிச்சுக் கடந்துடலாம்” என்றாள் மகள்.

“வேண்டாம்” என்றாள் அக்கா.

எட்டுப் பிள்ளைகளும் திரும்பினார்கள். அன்று காலையிலிருந்து அவள் பிள்ளைகளுக்குப் போட்ட முதல் தடை அது.

“எல்லாம் எங்க முடிவுன்னு சொன்னீங்களே!”

“வழி உங்க முடிவு. தண்ணி என் முடிவு. ஒருத்தரும் இறங்கக் கூடாது.”

“கொடி அதோ தெரியுது! இப்பக் கடந்தா நாமதான் முதல்ல போவோம்!”

“தெரியுது. இருந்தாலும் கூடாது.”

மகள் கொடியையே பார்த்தாள். சுற்றிப் போவதென்றால் மேட்டுப் பாதையில் ஏறி, மேலே இருக்கும் சாலைப் பாலம் வழியாகப் போக வேண்டும். கொடியிறக்கத்துக்குள் போய்ச் சேர வாய்ப்பே இல்லை. போட்டி போயிற்று, போட்டி போனால் பெரிய படையோடு சேர்ப்பதைத் தடுக்கவும் முடியாது என்று அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மேட்டுப் பாதை. வரிசையா வாங்க” என்றாள். யாரும் பேசவில்லை. ரேடியோகூட.

அந்த அமைதியால்தான் விசில் சத்தம் கேட்டது.

மேட்டுப் பாதையிலிருந்து கீழே பார்த்தார்கள். ஓடை அங்கே இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஒரு மண் திட்டைச் சுற்றிக்கொண்டு ஓடியது. திட்டின்மேல் நீலக் கழுத்துத்துணிகள். பெரிய படையின் ஆறு பிள்ளைகள், நடுவில் அவர்களுடைய தலைவர். பாதி ஓடையைக் கடந்து திட்டில் ஏறும்வரை தண்ணீர் குறைவாக இருந்திருக்க வேண்டும். இப்போது முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. திட்டின் ஓரம் கட்டி கட்டியாகச் சரிந்து விழுந்துகொண்டிருந்தது. ஒரு சின்னப் பையன் தலைவரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதான்.

எல்லாரும் கரைக்கு இறங்கி ஓடினார்கள். மாஸ்டர் ஓடும்போதே சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார். “எனக்கு நல்லா நீச்சல் தெரியும்! ஒவ்வொருத்தரா முதுகில…”

“மாஸ்டர், நில்லுங்க!”

திட்டிலிருந்து வந்த விசிலையும் மீறி அந்தக் குரல் கேட்டது. அதையே சொல்ல அக்காவும் வாயைத் திறந்திருந்தாள். ஆனால் கத்தியது அவள் இல்லை, மகள். “யாரும் தண்ணியில இறங்கக் கூடாது! நீங்களும்தான்! நீங்களும் அடிச்சுட்டுப் போனா நாங்க யாரைக் காப்பாத்தறது?”

மாஸ்டர் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக அப்படியே நின்றுவிட்டார். அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

மகள் தாயின் பக்கம் திரும்பினாள். முகம் வெளிறியிருந்தது, குரல் ஆடவில்லை. “போன் எடுக்குதா?”

“இல்ல. மேட்டு உச்சிக்குப் போனா எடுக்கும்.”

“அப்ப மருந்துக்கடை அங்கிள்கூட நம்ம ரேடியோவும் இன்னொருத்தரும் போகட்டும். தீயணைப்பு வண்டியைக் கூப்பிடணும். ரேடியோ, கேட்டுக்கோ. பாலத்துக்குக் கீழே, மின்கம்பி ஓடையைத் தாண்டற இடம். நடுத் திட்டுல ஏழு பேர். ஆறு பிள்ளைங்க, ஒரு பெரியவர். தண்ணி ஏறிட்டிருக்கு. படகு வேணும். திருப்பிச் சொல்லு.”

வாழ்க்கையில் முதன்முறையாக ரேடியோ வேறு ஒரு வார்த்தை சேர்க்காமல் சொன்னதை மட்டும் திருப்பிச் சொன்னாள். மூவரும் மேலே ஓடினார்கள். மருந்துக்கடைக்காரருக்கு மூச்சு வாங்கும் பழக்கம் உண்டு. அன்று பிள்ளைகளுக்குப் பின்தங்காமல் ஏறினார்.

அக்கா தன் வேலையைப் பார்த்தாள். கரையிலிருந்து தள்ளி, பைகளை வரிசையாக வைத்து ஓர் எல்லை போட்டாள். “இதைத் தாண்டி ஒரு கால்கூடப் போகக் கூடாது. மண்ணு எங்க சரியும்னு தெரியாது.” பிறகு அகலமாக வேர் ஓடிய மரமாகப் பார்த்து, பெரிய கயிற்றின் முனையை அதில் கட்டச் சொன்னாள். பிள்ளைகள் கட்டிய முடிச்சை இழுத்துப் பார்த்தாள். நன்றாகவே கட்டியிருந்தார்கள்.

மெல்லிய கயிற்றின் நுனியில் பாதி நீர் நிரம்பிய பாட்டிலைக் கட்டி வீசுவது என்பது பிள்ளைகளின் யோசனை. கூடத்தில் அதை வாளிக்குள் வீசி விளையாடுவார்கள். மாஸ்டரின் தோள் அண்டாவைத் தூக்கித் தூக்கி உரம் ஏறிய தோள். அவர் வீசினார். பாட்டில் திட்டைத் தொடுவதற்குள் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது.

“நேரா வீசாதீங்க மாஸ்டர்,” என்றான் அவர் மகன். “மேல் பக்கமா வீசுங்க. தண்ணியே கொண்டு போய்ச் சேக்கும்.”

“சமையல்ல என்னை வாயைத் திறக்க விடல, இதுல நீ எனக்குச் சொல்றியா?” என்று சொல்லிக்கொண்டே மாஸ்டர் மேல் பக்கமாக வீசினார். பாட்டில் மிதந்து, சுழன்று, திட்டின் ஓரத்தில் போய் ஒதுங்கியது. தலைவர் குப்புறப் படுத்து அதைப் பிடித்துவிட்டார். கரையும் திட்டும் சேர்ந்து கூச்சல் போட்டன.

மெல்லிய கயிற்றோடு பெரிய கயிறு போனது. திட்டின் நடுவில் இருந்த பாறையில் அதைச் சுற்றிக் கட்டினார்கள். பிறகு தார்ப்பாய் ஒன்றைச் சுருட்டி அனுப்பினார்கள், பிள்ளைகள் போர்த்திக்கொள்ள.

“மேடம்!” என்று தலைவர் அங்கிருந்து கத்தினார். “கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொருத்தரா அனுப்பட்டுமா?”

அக்கா இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாள். பரபரப்பான சந்திப்பில் வண்டி நின்றுபோய், பின்னால் எல்லாரும் ஹாரன் அடிக்க, கைகால் நடுங்குகிறவர்களிடம் அவள் பேசும் குரல் ஒன்று உண்டு. அந்தக் குரலில் பேசினாள். “வேண்டாம் சார். கயிறு பிடிச்சுக்க மட்டும்தான், கடக்கறதுக்கு இல்ல. பிள்ளைங்களைப் பாறையைச் சுத்தி உக்கார வைங்க. படகு வருது.”

படகு வருமா என்று அவளுக்குத் தெரியாது. மேட்டிலிருந்து இன்னும் தகவல் வரவில்லை. தண்ணீர் திட்டின்மேல் ஒரு சாண் ஏறியிருந்தது. சின்னப் பையனின் அழுகை இங்கே வரை கேட்டது.

அப்போது அவள் மகள் கைதட்டத் தொடங்கினாள். முகாமில் சும்மா இருக்கும்போது பிள்ளைகள் தட்டுவது: இரண்டு தட்டு, ஒரு தொடைத்தட்டு, ஒரு ‘ஹோய்!’ அணி முழுக்கச் சேர்ந்துகொண்டது. பிறகு ஒரு நீலத்துணி தட்டியது. பிறகு இன்னொன்று. கடைசியில் அந்தச் சின்னப் பையனும் ஒரு கையால் தலைவரைப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் தொடையில் தட்டி, “ஹோய்!” என்றான்.

அந்த ஹோய்களுக்கு நடுவில்தான் சைரன் கேட்டது.

தீயணைப்பு வீரர்கள் பாலத்துப் பக்கமிருந்து படகைத் தோளில் சுமந்து நேராக அந்த இடத்துக்கே வந்தார்கள். தேடி அலையவில்லை, திரும்பிப் போய் எதையும் எடுத்து வரவில்லை. இரண்டிரண்டு பிள்ளைகளாகக் கரை சேர்த்தார்கள். தலைவர் கடைசியில் வந்தார். கரையில் கால் வைத்ததும் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார். மாஸ்டர் தன் சட்டையை அவர் தோளில் போட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தபோது, அங்கே பாறையின் தலை மட்டும்தான் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

தீயணைப்பு அதிகாரி தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு அக்காவிடம் வந்தார்.

“இத்தனை வருஷ சர்வீஸ்ல நான் போற இடத்துல எல்லாம், மாட்டினவங்களைவிடக் காப்பாத்தப் போய் மாட்டினவங்கதான் அதிகம் இருப்பாங்க. இன்னைக்கு ஒருத்தர்கூட இறங்கல. யாரும்மா பிடிச்சு நிறுத்தினது?”

அக்கா மகளைக் காட்டினாள். அதிகாரி அந்தச் சின்னப் பெண்ணுக்கு நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் வைத்தார். அவளும் வைத்தாள். அக்கா ஓடிப் போய் அணைத்துக்கொண்டாள். படைக்குள் அவள் அதைச் செய்யக் கூடாது என்று யாரும் அந்த நிமிஷம் சொல்லவில்லை, மகள் உட்பட.

எல்லாரையும் வண்டியிலேயே முகாமுக்குக் கொண்டு போனார்கள். கொடி இறக்கப்படாமல் காத்திருந்தது. செய்தி முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. வண்டி நுழைந்ததும் மைதானம் முழுக்க எழுந்து நின்ற சத்தத்தில் மரத்துப் பறவைகள் கலைந்து போயின.

பெரிய படைத் தலைவர் ஆணையரிடம் நேராகப் போனார். ஈரத்துணிகூட மாற்றவில்லை. எல்லாரும் கேட்கும்படியே சொன்னார்: “என்கூட வரவேண்டியவருக்குக் காலையில காய்ச்சல். நான் தனியாவே கூட்டிட்டுப் போயிட்டேன். கோப்பை போயிடக் கூடாதேன்னு தண்ணியில இறக்கினேன். தப்பு என்னோடது.”

சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று அக்காவுக்குத் தெரியும். “உங்க பெற்றோர் கூட்டத்துலயும் இப்படியே சொல்லுங்க சார்,” என்றாள். “ஆள் தானா வருவாங்க. வேணும்னா நான் வந்து பிடிச்சுத் தரேன். அதுல எனக்கு நல்ல பழக்கம்.”

அவர் சிரித்தார். அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆணையர் எல்லாரையும் பார்த்துத் திரும்பினார். “படையைச் சேக்கற பேச்சு இன்னையோட முடிஞ்சுது” என்றார். “இந்த நாலு பேரும் மாவட்டத்துல இருக்கற மத்தப் படைப் பெரியவங்களுக்கு வகுப்பு எடுக்கப் போறாங்க. என்ன மாஸ்டர், சரியா?”

சாரணர் படைத் தலைவர்களையும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவது; மைதானத்தில் இருந்த அத்தனை சாரண மாஸ்டர்களும் “சரி” என்றார்கள். கேன்டீன் மாஸ்டருக்குத்தான் தன்னைக் கேட்டார்கள் என்று புரிய நேரமாயிற்று.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அணித் தலைவர்கள் கூட்டம் போட்டார்கள். பெரியவர்களுக்கு அனுமதியில்லை. மறுநாள் விடிந்ததும் அக்காவின் கூடாரத்தை யாரோ தட்டினார்கள். வெளியே மகளும், பெரிய படையின் அணித் தலைவனும்.

“நேத்து நாங்க நடையை முடிக்கவே இல்ல. வண்டியில வந்துட்டோம்,” என்றாள் மகள். “ரெண்டு அணியும் சேந்து இன்னைக்கு நடக்கப் போறோம். பாலம் வழியாத்தான். பெரியவங்க வரீங்களா, இல்ல இன்னும் தூங்கணுமா?”

“போட்டிதான் முடிஞ்சுபோச்சே?”

“அதனால என்ன? நடை முடியலையே.”

வானம் கழுவிவிட்டாற்போல இருந்தது. பிள்ளைகள் வழி தவறவில்லை. பிரியும் இடத்தில் வரைபடத்தைக்கூடப் பார்க்காமல் சரியான பக்கம் திரும்பினார்கள். பாலத்தில் ஏறும்போது அந்தச் சின்னப் பையன் பேண்டு டிரம்மைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்; எங்கே ஒளித்து வைத்திருந்தானோ. பின்னால் பெரிய படைத் தலைவரும் மருந்துக்கடைக்காரரும் காலணியின் தரத்தைப் பற்றி விவாதித்துக்கொண்டு வந்தார்கள். மாஸ்டர், காலையில் பிள்ளைகள் தாங்களாகவே செய்து கொடுத்த ரொட்டியை மென்றபடி, கொஞ்சம் உப்பு தூக்கல் என்றார். என்றாலும் இரண்டாவதையும் எடுத்தார்.

முகாம் தெரிந்ததும் டிரம் அதிர்ந்தது. நீலத்துணிகளும் இவர்களுடைய பச்சைத்துணிகளும் கலந்து, எது யார் படை என்று தெரியாமல், பதினான்கு பிள்ளைகளும் கைவீசி நடந்து, ரேடியோ முன்னால் நின்று பாட, கொடிக்கம்பத்தை நோக்கி இறங்கினார்கள். கீழே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்களும் கூடாரம் சுருட்டிக்கொண்டிருந்தவர்களும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து இரண்டு பக்கமும் நின்றார்கள்.

பிரேக் அக்கா சரிவின் மேலேயே நின்றுகொண்டாள். அங்கிருந்து பார்த்தால்தான் எல்லாரும் தெரிந்தார்கள்.